குடைத் திருடன் வந்த ஆண்டு

சிபில் வெத்தசிங்ஹ எழுதி, தானே படமும் வரைந்த 'குட ஹொரா' (குடைத் திருடன்) என்ற சிங்களச் சிறுவர் நூல் 1956-ல் வெளிவந்தது. சிங்களம் மட்டுமே இலங்கையின் அரசகரும மொழி என்ற 33ஆம் இலக்கச் சட்டமும் அதே 1956-ல்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பேசினால் சிலருக்குப் பிடிப்பதில்லை. "பிள்ளைகளின் புத்தகத்துக்குள்ளேயும் அரசியலா டீச்சர்?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊரான அட்டாளைச்சேனையில் காலமெல்லாம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். ஒரு புத்தகம் பிறந்த வருடத்தை மறைத்து வைத்துக்கொண்டு அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் குடை என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. மழை வந்தால் வாழையிலையைப் பிடிப்பார்கள், சாக்கைப் போர்த்துவார்கள். அந்த ஊர்க் கிரி மாமா ஒரு நாள் பட்டணத்துக்குப் போகிறார். அங்கே எல்லோர் தலைக்கு மேலும் விதவிதமான குடைகள். தானும் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வருகிறார். கோப்பிக் கடையில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், வெளியே வைத்த குடை இல்லை. மறுபடியும் பட்டணம் போகிறார், வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. எத்தனை வாங்கினாலும் ஊருக்குள் ஒரு குடையும் வந்து சேர்வதாக இல்லை. கடைசியில் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்த குடைக்குள் போட்டு வைக்கிறார். விழுந்து கிடக்கும் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே காட்டுக்குள் போனால், தொலைந்த குடையெல்லாம் ஒரு மரத்தில் தொங்குகின்றன. கள்ளனுக்கென்று ஒன்றை மரத்திலேயே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொண்டுவந்து ஊரில் குடைக்கடை போடுகிறார். களவெடுத்தது ஒரு குரங்கு என்பது பிறகுதான் தெரிகிறது. அந்தக் குரங்கால்தானே கடை வந்தது என்று மாமாவுக்குச் சந்தோசம்.

என் கையில் இருந்தது சிங்களப் பதிப்பு. படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர்த் தமிழில் கதை சொல்லுவேன். பழைய கறுப்புக் குடை ஒன்றுக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்தபடி வகுப்பறையிலிருந்து கிணற்றடி வரை நடப்பேன். கம்பியிடுக்கால் ஒவ்வொன்றாக உதிரும். பிள்ளைகள் குனிந்து பொறுக்கிக்கொண்டே பின்னால் வருவார்கள். காற்றடிக்கும் நாளில் துண்டுகள் பறந்துவிடும்; அப்போது வரும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பா.

கேள்விகள் கடைசிப் பக்கத்துக்குப் பிறகுதான் தொடங்கும். "கள்ளனுக்கு ஏன் டீச்சர் ஒரு கொட விட்டுட்டு வந்த?" என்று ஒரு பிள்ளை கேட்க, "அவனும் மழைக்கு நனையப்படாதெண்டுதான்" என்று இன்னொரு பிள்ளை பதில் சொல்லும். ஒரு வருடம் முன்வாங்கில் இருந்த ஒரு பொம்பிளைப் பிள்ளை படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டது: "எங்கட ஆக்கள் ஒராளும் இல்லியா டீச்சர் இந்த ஊர்ல?" அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிறகு அந்தப் பதிலுக்கு வருகிறேன்.

குடையை அறியாத ஊர் என்பது வெறும் கதை அல்ல. இந்தத் தீவின் கிழக்குக் கரையில் 1660-ல் பிடிபட்டு, கண்டி அரசில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்த இங்கிலாந்துக்காரர் ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போய் எழுதிய நூல் 1681-ல் லண்டனில் அச்சானது. தாளிப்பனை ஓலையின் கீழ் மழைக்கு ஒதுங்கும் மனிதர்களின் படம் அதில் உண்டு. சனங்களின் குடை அந்த ஓலைதான். துணிக்குடை அரசனுக்கும் பிரபுக்களுக்கும் உரியது. தமிழ் இலக்கியத்தில் வெண்கொற்றக்குடை யாருடைய தலைக்கு மேல் விரிந்தது என்பதை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தென்திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டு வரை சாணார் எனப்பட்ட நாடார் மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. எங்கள் கரையிலும் வயலுக்குக் குடையோடு வந்தவர் நிலச் சொந்தக்காரரான போடியார். சேற்றில் நின்றவன் தலையில் சாக்குத்தான் என்று என் உம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே கிரி மாமா ஊருக்குக் குடை கொண்டுவருவதும், ஒவ்வொரு குடையும் ஊருக்குள் வரும் முன்னே மறைந்துபோவதும், கடைசியில் ஊரே கடையில் வாங்கிப் பிடிப்பதும் எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் இருந்த ஒரு பொருள் சனத்தின் கைக்கு வந்த காலத்தை ஒரு குரங்கை வைத்துச் சொல்லி முடித்துவிட்டார் சிபில் அம்மா.

அவர் காலிக்குப் பக்கத்திலுள்ள கிந்தோட்டையில் 1927-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. ஆனால் ஆயுள் முழுவதும் அவர் வரைந்தது அந்த ஊரைத்தான். பிள்ளைப் பருவத்து வேலி, முற்றம், மரம், அத்தைமார், மாமாமார். பதின்ம வயதில் அவருடைய சித்திரங்களைக் கண்ட எச். டி. சுகதபால, தான் எழுதிய 'நவ மக' என்ற சிங்கள வாசிப்புப் புத்தகத்துக்குப் படம் வரையச் சொன்னார். 1948-ல் டி. பி. தனபாலவின் 'லங்காதீப' பத்திரிகையில் சேர்ந்தார். 1952-ல் லேக்ஹவுஸின் 'ஜனதா'வுக்கு மாறினார். குடைத் திருடன் கதை முதலில் பத்திரிகையில் வந்து பிள்ளைகளின் மனதைப் பிடித்து, அதன் பிறகு நூலானது. ஜப்பான் வரை போய் அங்கே பரிசும் வாங்கியது. 2020-ல், 92 வயதில் மறையும் வரை சிபில் அம்மா பேனையைக் கீழே வைக்கவில்லை.

இந்தப் பாதையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் வாசிப்புப் புத்தகம், சிங்களத்தில் நாளிதழ், அதில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கு ஒரு சித்திரக்காரி. 1930களில் இவற்றுக்கு இவ்வளவு தேவை இருந்திருக்காது. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பள்ளிக்கூடங்கள் ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழிக்கு மாறத் தொடங்கின. எழுத வாசிக்கத் தெரிந்த சிங்களப் பிள்ளைகள் ஆயிரமாயிரமாக வெளியே வந்தார்கள். அவர்கள் கையில் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. குட ஹொரா அந்த அலையில் பிறந்த பிள்ளை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைப்படம், எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'விராகய' நாவல், எல்லாம் 1956-ல் வந்தவை. எல்லாவற்றிலும் கிராமத்தை நோக்கித் திரும்பும் ஒரு பார்வை இருக்கிறது. கொழும்பின் ஆங்கிலம் பேசும் வீடுகளுக்கு வெளியே நின்ற ஒரு பெரும் சனம் தன் முகத்தைத் தானே பார்த்த வருடம் அது. அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஒரு பிள்ளை தன் மொழியில் தன் ஊரைப் படமாகப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி என்னவென்று டீச்சருக்குத் தெரியாதா?

அதே அலைதான் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஏப்ரல் தேர்தலில் வென்று பண்டாரநாயக்க பிரதமரானார். ஜூன் 5-ல் மொழி மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. வெளியே காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். குண்டர்கள் புகுந்து அடித்தார்கள். சில நாட்களில் கலவரம் கல்லோயாப் பள்ளத்தாக்குக்குப் பரவியது. கொல்லப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல் என்று எழுதியவர்கள் உண்டு.

கல்லோயா எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. பட்டிப்பளை ஆறு என்று எங்கள் முன்னோர் சொன்ன ஆறு அது. 1949-ல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அமெரிக்கக் கம்பனி அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்து, அந்தத் தண்ணீர் இறங்கித்தான் எங்கள் கரையோர வயல்கள் விளைந்தன. மேலே குடியேற்றம், கீழே பழைய ஊர்கள். "மலைப் பக்கம் வேலைக்குப் போன தமிழாக்கள் உடுத்த உடுப்போடு நடந்து கரைக்கு வந்தாங்க" என்று வாப்பா சொல்லுவார். அவர்களுக்குச் சோறு கொடுத்த வீடுகளின் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்போது இது மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை என்று தனி மாவட்டம் 1961-ல் பிரிக்கப்பட்டது. 1956 தேர்தலில் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் பெயரில் வென்றவர்கள். பிறகு இருவரும் அரசாங்கப் பக்கம் போனார்கள். முஸ்தபா 1959-ல் நிதியமைச்சராகவும் இருந்தார். முஸ்லிம் ஊர்களின் அரசியல் அன்றிலிருந்து இன்றுவரை நின்று யோசிக்கும் கேள்வி அந்த ஒரு தாவலிலேயே இருக்கிறது. அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிள்ளைகளின் பக்கம் போதும்.

தாய்மொழிக் கல்வியால் எங்களுக்கும் நன்மை வந்தது. அதை மறுத்தால் நன்றி கெட்டவள் ஆவேன். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை வந்ததால்தான் தமிழில் படித்துத் தமிழில் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக உருவானார்கள். நானும் அந்த வாசலால் வந்தவள். ஆனால் சிங்களப் பிள்ளை சிங்களப் பள்ளிக்கூடத்துக்கும், எங்கள் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் போனபோது, முன்பு ஆங்கிலம் தெரிந்த சிலருக்காவது இருந்த பொது வாசிப்பு இல்லாமல் போய்விட்டது. நடுவில் மொழிபெயர்ப்பு என்ற பாலத்தை அரசாங்கம் போட்டிருக்க வேண்டும். 1956-ல் அந்த எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. நான் பிள்ளையாக இருந்த காலத்தில் தீவின் மறுகரையில் கிரி மாமா புகழோடு இருந்தார். எங்கள் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

எங்களுக்கு என்ன கிடைத்தது? 1947-ல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா கல்முனைக் கடைகளுக்கு வரும். அரசகுமாரனும் வேதாளமும் எங்கள் கனவுக்குள் வந்தது அப்படித்தான். 1970களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்து இந்தியச் சஞ்சிகைகள் குறைந்துபோயின. பெரியவர்களுக்கான ஈழத்து எழுத்துக்கு அது ஒரு வாய்ப்பாக இருந்தது என்பார்கள். பிள்ளைகளுக்கு வெறுமைதான். அந்த வெறுமையில் வந்து விழுந்தவை மொஸ்கோவில் தமிழில் அச்சான சோவியத் புத்தகங்கள். கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், பனியும் கரடியும் நரியும், நம்ப முடியாத மலிவு விலை. அதற்கும் 1956 அரசாங்கமே காரணம் என்றால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள்: பண்டாரநாயக்க 1957 பெப்ரவரியில் சோவியத் ஒன்றியத்தோடு தூதரக உறவு தொடங்கினார், அதன் பிறகுதான் அந்தப் புத்தகங்கள் இங்கே தாராளமாக வந்தன. 1991-ல் அந்த நாடு உடைந்ததும் வரத்து நின்றது. அட்டாளைச்சேனைப் பிள்ளைக்குக் காலி மாவட்டத்துக் குரங்கைவிட ரஷ்யக் கரடி நெருக்கமாக இருந்ததை இப்போது நினைத்தாலும் மனம் வேதனைப்படுகிறது.

படப்புத்தகம் அரசியலில் மாட்டிக்கொள்வது உலகத்தில் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. மன்ரோ லீஃப் எழுத, ரொபர்ட் லோசன் படம் வரைந்த 'ஃபெர்டினாண்டின் கதை' 1936-ல் அமெரிக்காவில் வந்தது. சண்டை பிடிக்க விரும்பாமல் பூவை முகர்ந்துகொண்டிருக்கும் ஸ்பானிய எருது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பிராங்கோ தரப்பு தடைசெய்தது, ஹிட்லரின் ஜெர்மனியில் எரித்தார்கள், காந்தியோ விரும்பி வாசித்தார். 1959-ல் அலபாமாவில் ஒரு வெள்ளை முயலும் கறுப்பு முயலும் கல்யாணம் முடிக்கும் 'முயல்களின் திருமணம்' என்ற நூலை நூலகத் தட்டிலிருந்து எடுக்கச் சொல்லி வெள்ளையர் சிலர் கூச்சல் போட்டார்கள். வரைந்தவர் கார்த் வில்லியம்ஸ். அங்கெல்லாம் புத்தகத்தின் மீது கை வைத்தார்கள், சத்தம் வந்தது, சரித்திரத்தில் பதிவானது. குட ஹொராவை யாரும் தடுக்கவில்லை, எரிக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் அன்று அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சத்தமில்லாமல் நடப்பதால் இதைச் சரித்திரம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

நல்ல வேளையாகக் கலைஞர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. 'மனமே' எடுத்துக்கொண்ட நாடகம என்ற ஆட்டமுறை தமிழ்க் கூத்திலிருந்து போனது. அதைப் பார்த்துத் தூண்டப்பட்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்து, 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடையேற்றினார். அடுத்தடுத்த ஊர்களின் அண்ணாவிமார் அறிந்திருந்ததைப் பல்கலைக்கழகம் திரும்பக் கண்டுகொண்டது. பிள்ளைகளின் புத்தகத்தில் மட்டும் அப்படி ஒரு போக்குவரத்து நடக்கவில்லை. பிள்ளைகளின் புத்தகத்தைப் பெரிய விசயமாக எடுக்க ஒரு பேராசிரியரும் வரவில்லை என்பதே என் ஆதங்கம்.

அந்தப் பொம்பிளைப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். சிபில் அம்மாவின் கிந்தோட்டையில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். காலிக் கரையில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முஸ்லிம்கள், பள்ளிவாசல், கடை, சந்து எல்லாம் உண்டு. எனக்கு அது தெரியவந்தது ஒரு கெட்ட செய்தியால். 2017 நவம்பர் 17 இரவு கிந்தோட்டையில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, ஊரடங்கு போட்டார்கள். மூன்று மாதம் கழித்து, 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறது என்று ஒரு பொய்யைக் கிளப்பிப் பள்ளிவாசலையும் கடைகளையும் உடைத்தார்கள். அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாக்கட்டி. அடுத்த கிழமை கண்டிப் பக்கத்தில் திகன எரிந்தது. அம்பாறை எங்களிடமிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம். எங்கள் பிள்ளைகள் அன்று பள்ளிக்கூடம் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொன்னார் ஒருவர். நான் போடவில்லை. அந்தப் படத்தில் எங்கள் ஆட்கள் இல்லை என்பது சிபில் அம்மாவின் குற்றம் என்று நான் எண்ணவில்லை. அவர் தன் முற்றத்தை வரைந்தார். பக்கத்து முற்றத்தை வரைய ஒருவர் வேண்டும். வேலிக்கு இரு பக்கமும் நின்று பார்க்க, இரண்டு புத்தகமும் இரண்டு மொழியிலும் வேண்டும். கோணாவத்தை ஆறும், வெள்ளாமை வெட்டும், வலை இழுக்கும் கரையும், பெருநாள் உடுப்பும், கடலுக்குப் பயந்து 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தூங்காத உம்மாமாரும் இன்னும் எந்தப் படப்புத்தகத்திலும் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை.

அண்மையில் பயிற்சியிலிருக்கும் இளம் டீச்சர் ஒருவர் என்னிடம் கேட்டா, எந்த வகுப்பில் பிள்ளைகளுக்கு 1956-ஐச் சொல்லலாம் என்று. மூன்றாம் தரம் வரை கதை மட்டும் போதும் மகள், குடையும் கடதாசித் துண்டும் குரங்கும் இருக்கட்டும் என்றேன். நாலாம் தரத்தில் ஒரு வரைபடத்தை விரித்துக் கிந்தோட்டை எங்கே, நாம் எங்கே என்று பிள்ளைகளையே கோடு போடச் சொல்லுங்கள். ஐந்தாம் தரத்தில் புத்தகத்தில் போட்டிருக்கும் வருடத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்த வருடம் நம்மூரில் என்ன நடந்தது என்று வீட்டில் யாரிடமாவது கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் தேட விடாதீர்கள். நான் அப்படிக் கேட்ட வருடம் ஒரு பிள்ளை, மூத்தவாப்பா வயலுக்குப் போகப் பயந்து ஒரு போகம் வெள்ளாமையை விட்ட கதையைக் கொண்டுவந்தது. இன்னொரு பிள்ளை, அவர்கள் வீட்டில் வந்து தங்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயரைக் கொண்டுவந்தது. இரண்டு குடும்பமும் இன்றும் கல்யாணத்துக்குச் சொல்லிக்கொள்கிறார்களாம். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லாதவை இவை. ஆனால் கெதியாகச் செய்ய வேண்டும் என்றேன். 1956-ல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது.